மங்களத்தின் பதினான்கு விநாடிகள்

கொட்டாஞ்சேனை ஸ்ரீநிவாசனுக்கு நாற்பத்துநாலு வயது. கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பது தொழில். ஜம்பட்டா வீதியில் ஒரு நகைக்கடைக்கு மேலே சின்ன அறை, இரண்டு கம்பியூட்டர், ஒரு ஏசி. தகப்பனார் வைத்திருந்த புறக்கோட்டைப் புடவைக்கடை தம்பிமார் கைக்குப் போய்விட்டது. அதில் அவருக்குப் பெரிய வருத்தமில்லை. அவருடைய மனசு இருந்ததெல்லாம் மணிப்புறாவில்தான்.

மணிப்புறா ஒரு நாடகக் கம்பனி. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒரு லேனில், இரண்டு மாடிக் கட்டடத்தில் இருந்தது. முதலில் வானொலி நாடகம், பிறகு கசட், பிறகு சீடி, கடைசியில் யூடியூப் என்று நாற்பத்தைந்து வருஷமாய் ஓடிக்கொண்டிருந்தது. அதன் நாடகங்களில் பெரிய பெயர் எடுத்தது 'மாடிப்படி மங்களம்'. ஃபிளாட் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோரையும் வாயால் பிடித்து நிறுத்துகிற ஒரு அம்மாவின் கதை. மங்களமாகப் பேசியவர் சரோஜினிதேவி. நாடகத்தில் மங்களத்தின் புருஷன் செல்லையராக வந்தவர் அவருடைய சொந்தப் புருஷன் தியாகலிங்கம். அவர் இறந்து ஒன்பது வருஷமாகிவிட்டது.

பன்னிரண்டு வயதில் ஸ்ரீநிவாசன் மங்களத்துக்கு ஒரு கடிதம் போட்டிருந்தார். அடுத்த கிழமையே மங்களம் அதை வானொலியில் வாசித்தாள். "கொட்டாஞ்சேனையிலை இருந்து ஸ்ரீநிவாசன் எழுதியிருக்கிறார். கையெழுத்து கோழி கிளறினமாதிரிக் கிடக்கு. ஆனா கேள்வி நல்ல கேள்வி." அன்றைக்குப் புடவைக்கடையில் வேலை செய்த அத்தனை பேரும் அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அந்த ஒரு வசனத்துக்காக வாழ்நாள் முழுக்க மணிப்புறாவுக்கு விசுவாசமாக இருந்தவர் அவர்.

இருபது வருஷத்துக்கு முன் கம்பனி தள்ளாடியபோது, அதைத் தொடங்கிய முதலாளி பாதிக்கு மேற்பட்ட பங்குகளை நேயர்களுக்கே விற்றார். ஐந்து, பத்து என்று வாங்கிய எழுநூறு பேரில் ஸ்ரீநிவாசனும் ஒருவர். அந்தப் பத்திரத்தைச் சட்டம் போட்டு அறைச் சுவரில் மாட்டியிருந்தார். 'மணிப்புறா நேயர் வட்டம்' என்ற வட்ஸ்அப் குழுவை நடத்தியவரும் அவர்தான்.

போன வருஷம் மே மாதத்தில் ஓரியன்பே என்கிற பெரிய குழுமம் மணிப்புறாவை முழுதாக வாங்கிக்கொள்ள முன்வந்தது. ஹோட்டல், ஆஸ்பத்திரி, பிஸ்கட் என்று அவர்கள் கை வைக்காத வியாபாரம் இல்லை. முதலாளி காலமாகி, பிள்ளைகள் அவுஸ்திரேலியாவில். அவர்கள் தங்கள் பங்கைக் கொடுக்கத் தயார். ஆனால் ஓரியன்பே ஒரு நிபந்தனை வைத்தது. ஜூலை முப்பத்தொன்றுக்குள் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு வந்து சேராவிட்டால் வாங்கவே மாட்டோம் என்றது. ஆகவே முடிவு நேயர்கள் கையில் வந்து நின்றது.

குழு கொதித்தது. காலையில் போனைத் திறந்தால் முந்நூறு மெசேஜ். வாயால் பேசித் தீர்க்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தையில் ஒரு டியூஷன் வகுப்பு மண்டபத்தை எடுத்தார்கள். வெள்ளைப் பலகையில் யாரோ அழிக்காமல் விட்டுப்போன இரசாயனச் சமன்பாட்டுக்கு முன்னால் நின்று, ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் மாணவர் வாங்குப் பலகைகளில் நெருக்கி உட்கார்ந்தவர்களைப் பார்த்துக் கத்தினார்கள்.

"வாங்கினதும் முதல் வேலையா மங்களத்த பிஸ்கட் விக்க விடுவானுங்க" என்றார் ஸ்ரீநிவாசன்.

"விக்கட்டுமே மச்சான். மங்களம் பிஸ்கட் தின்னாதவளா?" என்றார் ஸவாஹிர்.

மண்டபம் சிரித்தது. ஸவாஹிர் தெஹிவளையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நேயர் வட்டம் வட்ஸ்அப்புக்கு வருமுன், நேயர்கள் கடிதம் போட்டுக்கொண்ட காலம் தொட்டு ஸ்ரீநிவாசனுக்குக் கூட்டாளி. இருபத்திரண்டு வருஷத்தில் இருவரும் எதிரெதிராகப் பேசியது இதுதான் முதல் தடவை.

"நீ மேல் மாடி ஸ்டோர் ரூமுக்குப் போய்ப் பாத்தியா?" என்று கேட்டார் ஸவாஹிர். "கூரை ஒழுகுது. பழைய டேப் எல்லாம் பூஞ்சணம் பிடிச்சிக் கிடக்குது. ஓரியன்பே எழுத்துல குடுத்திருக்கான், எல்லாத்தையும் கம்பியூட்டர்ல ஏத்தித் தாறன்னு. நம்மளால ஏலுமா? நம்ம கையில இருக்கிறது பத்திரம் மட்டுந்தான்."

மட்டக்குளியிலிருந்து வருகிற இராமலெட்சுமி எழுந்தார். ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். "எங்க ஃபெக்டரியையும் இப்பிடித்தான் ஒருத்தன் வாங்கினான். ஆறு மாசம் இனிப்புக் குடுத்தான். ஏழாவது மாசம் பாதிப் பேர வீட்டுக்கு அனுப்பினான். கடுதாசியில எழுதினது கடுதாசியிலயே இருந்துச்சு."

"அந்த லேன்ல ஃபிளாட் ஏறாம மிஞ்சி நிக்கிற கட்டடம் அது ஒண்ணுதான். வாங்கிறது நாடகத்துக்கா, நிலத்துக்கா?" என்றது பின் வாங்கிலிருந்து ஒரு குரல்.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. கை தூக்கிப் பார்த்தபோது கிட்டத்தட்டச் சரிபாதி. அப்போதுதான் யாரோ கேட்டார்கள், இதற்கெல்லாம் மங்களம் என்ன சொல்கிறாள் என்று. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சரோஜினிதேவியிடம் ஒரு பேட்டி எடுத்துக் குழுவில் போடுவது என்று முடிவாயிற்று. மைக்கும் கருவியும் வைத்திருப்பவர் ஸ்ரீநிவாசன் என்பதால் பொறுப்பு அவரிடம் வந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போனார். ரயில் பாதைக்குக் கிட்ட ஒரு ஃபிளாட்டில் மூன்றாம் மாடி. சரோஜினிதேவிக்கு எழுபது வயது. பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, மைக்கைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். ரயில் வந்தால் வாயை மூடிக்கொள்வார், போன பிறகு அந்த வசனத்தை முதலிலிருந்து சொல்வார். ஒலிப்பதிவுக் கூடத்தில் படிந்த பழக்கம் அது.

"சனம் என்னட்டைக் கேக்குது, மங்களத்தை விக்கப் போறியளோ எண்டு" என்றார். "மங்களம் விக்கிற சாமான் இல்லைத் தம்பி. அது சனத்தின்ரை வாயிலை கிடக்கு. ஆனா கம்பனியை அவையள் வாங்கினா வாங்கட்டும். வேண்டாம்..."

ரயில் வந்தது. நிறுத்தினார். அது காலிப் பக்கம் போகிற நீளமான வண்டியோ என்னவோ, வெகுநேரம் கடகடத்தது. ஓய்ந்த பிறகு தொடர்ந்தார்.

"வேண்டாம் எண்டு நான் சொல்ல மாட்டன். அந்த டேப்புகளை ஆராவது காப்பாத்தட்டும். என்ர மனுசன்ரை குரல் அதிலைதான் கிடக்கு. வீட்டிலை ஒரு கசட்டும் இல்லை. நாங்கள்தானே பேசினது, எங்களுக்கு எதுக்குக் கசட் எண்டு ஒண்டும் எடுத்து வைக்கேல்லை. ஒருக்காலாவது திருப்பிக் கேக்க வேணும் போலை கிடக்கு."

ஸ்ரீநிவாசன் கருவியை நிறுத்தினார். மங்களம் தன் பக்கம் நிற்பாள் என்று சந்தேகமே இல்லாமல் வந்திருந்தார் அவர். வாசல்வரை வந்த சரோஜினிதேவி, "தம்பி, முழுசாப் போடுங்கோ. அரைகுறையாய்ப் போட்டால் சனம் பிழையாய் விளங்கிக்கொள்ளும்" என்றார்.

"முழுசாவே போடுறேம்மா" என்றார் ஸ்ரீநிவாசன்.

பொய் சொல்ல நினைத்து அப்படிச் சொல்லவில்லை. முழுசாகப் போடத்தான் நினைத்திருந்தார். அறைக்கு வந்து கம்பியூட்டரில் ஏற்றி மூன்று தடவை கேட்டார். இது குழுவுக்குப் போனால் கதை முடிந்தது என்று தெரிந்தது. அரை மனதாக இருக்கிற அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். மணிப்புறாவின் பெயர்ப்பலகை இறங்கும். அந்தக் கட்டடம் இருந்த இடத்தில் பன்னிரண்டு மாடி ஏறும்.

அந்த 'வேண்டாம்' தனியாக நின்றது. ரயிலுக்கு முன்னால், யாரும் தொடாமல், சுத்தமாக. நடுவிலிருந்த ஒரு வசனத்தை எடுத்துவிட்டு அதைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் எப்படியிருக்கும் என்று சும்மா பார்த்தார். சும்மா பார்க்கிறேன் என்றுதான் தனக்கே சொல்லிக்கொண்டார். மத்தியானம் இரண்டு மணிக்கு வேலை முடிந்துவிட்டது. பதினான்கு விநாடி.

"மங்களம் விக்கிற சாமான் இல்லைத் தம்பி. அது சனத்தின்ரை வாயிலை கிடக்கு. வேண்டாம்."

அதற்குப் பிறகு ரயில். அந்த ரயில் சத்தம் நெஞ்சைப் பிடித்து உலுக்கியது. முப்பதாயிரம் கலியாணச் சிரிப்பை வெட்டி ஒட்டியவருக்குக்கூட ஒட்டு எங்கே என்று தெரியவில்லை.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி லக்ஷ்மிப்பிரியா கதவோரம் நின்று கேட்டாள். கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு அழகா சொல்லிட்டாங்க பாருங்க. அந்த வயசுல என்ன உறுதி!" என்றாள். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, இன்றைக்கு என்ன கறி என்று கேட்டார்.

மூன்றரை மணிக்குக் குழுவில் போட்டார். இருட்டுவதற்குள் அது டொரன்டோ போய், லண்டன் போய், சென்னையிலிருக்கும் மச்சினி மூலமாக அவருடைய போனுக்கே திரும்பி வந்துவிட்டது. 'மங்களம் வேண்டாம் என்றுவிட்டாள்.' ஏற்கெனவே பங்கை விற்கிற படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் சிலர் மீளப் பெற முடியுமா என்று கேட்டு எழுதினார்கள்.

ஜூலை இருபதாம் திகதி ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். ஸவாஹிர் மட்டும் சிரிக்காமல் இருந்தார். முறை வந்ததும் எழுந்து நேரே ஸ்ரீநிவாசனைப் பார்த்தார்.

"மச்சான், போன மாசம் நான் அம்மாவோட கதைச்சேன். அவங்க என்கிட்ட வேற மாதிரித்தான் சொன்னாங்க. பேட்டி பதினாலு செக்கன்தானா? முழு ரெக்கோர்டிங்கயும் போடு, எல்லாரும் கேப்போம்."

ஸ்ரீநிவாசன் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு எழுந்தார்.

"ஸவாஹிர், ஒண்ணு கேக்கிறேன். ஓரியன்பே ஆஸ்பத்திரிக் கண் பிரிவுக்குக் கண்ணாடி சப்ளை பண்றது நீங்கதானே?"

இருபத்திரண்டு வருஷமாக 'நீ' என்று பேசியவரை அன்றைக்கு 'நீங்க' என்றார்.

அது உண்மைதான். ஸவாஹிர் ஆறு வருஷமாக அந்த ஆஸ்பத்திரிக்குக் கண்ணாடி கொடுக்கிறார். எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அந்த இடத்தில், அந்தத் தொனியில் சொன்னதும் அது வேறொன்றாகிவிட்டது. "ஆ, அதுதான் விஷயம்" என்றார் ஒருவர். "எவ்வளவு வாங்கினீங்க?" என்றது பின்னால் இன்னொரு குரல். ஸவாஹிர் ஸ்ரீநிவாசனை மட்டும் பார்த்தபடி நின்றார். அவர் தடுப்பார் என்று காத்திருந்தார் போல. ஸ்ரீநிவாசன் தடுக்கவில்லை.

"எதுக்குச் சண்டை? அம்மாவுக்கே ஒரு கோல் எடுத்துக் கேட்டா முடிஞ்சு போச்சே" என்றார் இராமலெட்சுமி.

வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. ஸ்ரீநிவாசனே போனை எடுத்து, எண்ணை அழுத்தி, ஒலிவாங்கிக்கு முன்னால் பிடித்தார். மணி அடித்தது. எடுத்தார் சரோஜினிதேவி. இராமலெட்சுமி விஷயத்தைச் சொன்னார். தன்னிடம் வட்ஸ்அப் இல்லை, அது என்ன துண்டு என்று கேட்கவேண்டும் என்றார் அம்மா. இன்னொரு போனிலிருந்து அதைப் போட்டுக் காட்டினார்கள். பதினான்கு விநாடி ஓடி முடிந்தது. அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா, அது உங்க குரல்தானே?" என்று கேட்டார் இராமலெட்சுமி.

"ஓம். என்ர குரல்தான்."

"நீங்க சொன்னதுதானே?"

"அந்தச் சொல்லெல்லாம் நான் சொன்ன சொல்லுத்தான்" என்றார் சரோஜினிதேவி. போன் வைக்கப்பட்டது.

மண்டபம் கைதட்டியது. சிலர் வாங்கில் தட்டினார்கள். ஸவாஹிர் தன் குடையை எடுத்துக்கொண்டு வாங்குகளுக்கு நடுவால் ஒதுங்கி ஒதுங்கி வெளியே போனார். யாரும் வழிவிட்டு எழுந்திருக்கவில்லை. ஸ்ரீநிவாசன் முன்னால் நின்று அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டார்.

அடுத்த நாள் காலை மறுபடி அந்த மூன்றாம் மாடிக்குப் போனார். அம்மா கதவைத் திறந்து, உட்காரச் சொன்னார். பிளேன்டீ வரவில்லை.

"என்னைய காட்டிக்குடுக்காம விட்டீங்களேம்மா" என்று தொடங்கினார் ஸ்ரீநிவாசன்.

"உங்களைக் காப்பாத்த நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்றார் சரோஜினிதேவி. "அப்பிடி நினைச்சுக்கொண்டு போகாதேங்கோ. எத்தினையோ வருஷமாய்ச் சனம் என்ர குரலை நம்பினது. அவ்வளவு பேருக்கு முன்னாலை, அந்தக் குரல் பொய் எண்டு சொல்ல எனக்கு வெக்கமாய்க் கிடந்தது. வாய் வரேல்லை. பிறகு யோசிச்சன், நானும் உங்களோடை சேர்ந்தெல்லோ பொய் சொல்லிப்போட்டன். ராவு முழுக்க நித்திரை இல்லை."

ஸ்ரீநிவாசன் தலையைக் குனிந்துகொண்டார். தான் செய்ததற்கு அந்த அம்மா வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

"இன்னும் பத்து நாள் கிடக்கு. முழுசைப் போடுங்கோ. சனம் கேட்டுப்போட்டு, வேண்டாமெண்டால் வேண்டாமெண்டு சொல்லட்டும்."

"இன்னைக்கே போடுறேம்மா."

அன்றைக்குப் போடவில்லை. என்ன எழுதிப் போடுவது என்று யோசித்தார். 'தொழில்நுட்பக் கோளாறினால்' என்று எழுதி அழித்தார். 'நேரம் போதாமையால் சுருக்கப்பட்ட' என்று எழுதி அழித்தார். 'நான் வெட்டினேன்' என்று எழுதியபோது விரல் அனுப்புகிற அம்புக்குறிக்கு மேலே போய் நின்றது, திரும்பி வந்தது. செவ்வாய் போனது. புதன் ஒரு பெரிய கலியாண வேலை, அதைச் சாக்கு வைத்துக்கொண்டார். வியாழன், வெள்ளி அந்தச் சாக்குக்கூடத் தேவைப்படவில்லை. சனிக்கிழமை லக்ஷ்மிப்பிரியா அவருடைய வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து வைத்தாள். கொட்டாஞ்சேனைக் கிளை நேயர்கள் ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பாராட்டு வைத்திருந்தார்கள்.

போகாமல் இருந்திருக்கலாம். போனார். மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். 'மங்களத்தைக் காத்த மகன்' என்று ஒருவர் பேசினார். பொன்னாடையின் சரிகை கழுத்தில் அரித்தது. பதிலுரையில் அவர் பேசியது நாலு வசனம். நாலிலும் சரோஜினிதேவியின் பெயரைச் சொன்னார், அதற்கும் கைதட்டினார்கள். முன் வரிசையில் லக்ஷ்மிப்பிரியா போனில் படமெடுத்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை முப்பத்தொன்றாம் திகதி நூற்றுக்கு அறுபத்தொரு பங்குதான் சேர்ந்திருந்தது. ஓரியன்பே ஒரு பக்க அறிக்கை விட்டு ஒதுங்கிக்கொண்டது. குழுவில் வெடி கொளுத்துகிற படங்கள் வந்து விழுந்தன.

ஆகஸ்ட் இரண்டாம் திகதி ஸ்ரீநிவாசன் முழு ஒலிப்பதிவையும் போட்டார். கீழே, 'வெட்டியது நான். ஸவாஹிர் சொன்னதே உண்மை. மன்னியுங்கள்' என்று எழுதினார். மனைவிக்கு முதலில் அதைக் காட்டினார். அவள் இரண்டு தடவை கேட்டாள். பிறகு அவரைப் பார்க்காமலேயே, "அன்னைக்கு நான் அழுதப்பவும் நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கிழித்துத் தொங்கவிடுவார்கள் என்று காத்திருந்தார் அவர். வசவு வந்தால் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். முதலில் வந்தது ஒரு பெருவிரல் படம். டொரன்டோக்காரர் ஒருவர், 'அண்ணா, நல்ல நோக்கத்துக்காகச் செய்தீர்கள். சில வேளை அப்படித்தான் செய்ய வேணும்' என்று எழுதினார். 'முடிஞ்ச கதைய இப்ப ஏன் கிளறுறீங்க' என்றார் இன்னொருவர். பதினாறு பேர் சத்தமில்லாமல் குழுவை விட்டுப் போனார்கள். அத்தனைக்குள்ளும் கோபப்பட்டு அழைத்தது இராமலெட்சுமி மட்டும்தான்.

"நான் எப்பிடியும் வேணாம்னுதாண்ணே சொல்லியிருப்பேன்" என்றார் அவர். "இப்ப அந்த வேணாம் என்னோடதா, நீங்க ஒட்டிக் குடுத்ததான்னு எனக்கே தெரியல. அதத்தான் நீங்க எடுத்துக்கிட்டீங்க." அவர் பதில் சொல்வதற்கு முன் வைத்துவிட்டார்.

ஸவாஹிரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நான்கு நாள் பொறுத்து ஸ்ரீநிவாசன் தெஹிவளைக் கடைக்கே போனார். ஸவாஹிர் ஒரு பெண்ணுக்குக் கண்ணாடிச் சட்டம் பொருத்திக்கொண்டிருந்தார். வேலையை முடித்து, அவளை அனுப்பிவிட்டுத் திரும்பினார்.

"உக்காருங்க. கண்ணாடியா?"

"ஸவாஹிர், நான் மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"கேட்டீங்களே, குரூப்ல. வாசிச்சேன்." துணியால் ஒரு கண்ணாடியைத் துடைத்தார். "என் மகன்ட கிளாஸ் குரூப்புக்கும் போயிருக்குது, வாப்பா காசு வாங்கினவர்னு. அவன் வந்து என்கிட்ட கேட்டான், உண்மையான்னு. சொந்த மகன் கேட்டான். அதையும் வெட்டி எடுக்க உங்களால ஏலுமா?"

இன்னொரு வாடிக்கையாளர் உள்ளே வந்தார். ஸவாஹிர் அவரைச் சிங்களத்தில் "எண்ட, மஹத்தயா" என்று வரவேற்றுக்கொண்டு போனார். சிறிது நேரம் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்றுவிட்டு ஸ்ரீநிவாசன் வெளியே வந்தார்.

ஒக்டோபர் மழை அந்த வருஷம் பலமாகப் பெய்தது. மணிப்புறாவின் மேல் மாடிக் கூரையில் ஒரு பகுதி இறங்கிவிட்டது. டேப் பெட்டிகளை அகற்ற ஆட்கள் வேண்டும் என்று கம்பனி மனேஜர் குழுவில் எழுதினார். நானூற்றுச் சொச்சம் பேர் வாசித்தார்கள். வந்தது ஏழு பேர். அதில் ஸ்ரீநிவாசன் ஒருவர். பெட்டியைத் தூக்கினால் அடிமட்டை கழன்று, ஈரமான டேப்புகள் காலில் கொட்டின. புளித்த வாடை. மிஞ்சியதை லொறியில் ஏற்றி, ஹெந்தளையில் மனேஜருடைய உறவினர் ஒருவரின் கராஜில் கொண்டுபோய் வைத்தார்கள். மாசி மாதம் முதலாளியின் பிள்ளைகள் கட்டடத்தை ஃபிளாட் கட்டுகிறவர் ஒருவருக்கு விற்றுவிட்டார்கள் என்று தெரியவந்தது. அதற்கு நேயர்களின் சம்மதம் தேவைப்படவில்லை. கட்டடம் எப்போதும் குடும்பத்தின் பெயரில்தான் இருந்ததாம். கம்பனி பெயரளவில் இருக்கிறது. நாடகம் இல்லை.

தியாகலிங்கத்தின் பெயர் எழுதிய டேப்புகளை மட்டும் ஸ்ரீநிவாசன் தேடிப் பிரித்தெடுத்தார். அறுபத்துமூன்று. ஒரு பழைய இயந்திரத்தைக் கிரேண்ட்பாஸில் தேடிப் பிடித்துத் திருத்தி, ஒவ்வொன்றாகத் துடைத்துக் காயவைத்து ஓட்டிப் பார்த்தார். கலியாண வேலைகள் தேங்கின. பெரும்பாலானவை ஒன்றோடொன்று ஒட்டி, இழுத்தால் உரிந்து வந்தன. ஓடியது பதினொன்று. அவற்றைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, பங்குனியில் ஒரு சனிக்கிழமை வெள்ளவத்தைக்குப் போனார்.

சரோஜினிதேவி கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு நின்றார். முகம் மெலிந்திருந்தது.

"ஐயாவோட குரலும்மா. பதினொரு நாடகம் கெடச்சுது."

"மிச்சம்?"

"ஒட்டிப் போச்சும்மா."

அம்மா பென்டிரைவை வாங்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்தப் பழகிய குரலில், மிக மெதுவாகக் கேட்டார்.

"இதிலை நீங்கள் ஏதும் வெட்டினியளோ?"

"இல்லம்மா" என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். "வெட்டலம்மா. ஆனா இரைச்சல் நிறைய இருந்துச்சு. அதக் கொஞ்சம் கொறச்சேன். கேக்க நல்லா இருக்கட்டும்னு."

"குறைக்காததைக் கொண்டு வாங்கோ."

அவர் தலையாட்டினார். அன்றைக்கே கொட்டாஞ்சேனைக்குத் திரும்பி, இரைச்சலோடு, இடையிடையே விட்டுவிட்டு வருகிற அந்தப் பதினொன்றையும் டேப்பில் இருந்தபடியே ஏற்றினார். திங்கட்கிழமை காலை மறுபடியும் மாடிப்படி ஏறினார். இந்த முறை அம்மா கையை நீட்டி வாங்கினார். ஒரு தடவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, மூடிக்கொண்டார்.

"போட்டுக் காட்டட்டுமாம்மா? எப்பிடி ஓட்டுறதுன்னு..."

"பக்கத்து வீட்டுப் பிள்ளை காட்டும். நான் தனியக் கேக்கிறன். நீங்கள் போயிட்டு வாங்கோ."

கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. ஸ்ரீநிவாசன் இறங்கிக் காலி வீதிக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றார். கோட்டைப் பக்கம் போகிற மூன்று பஸ் காலியாகப் போனது. நாலாவதுக்குத்தான் கையைக் காட்டினார்.